கொடுத்ததை மறவாத கொடை

அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தரத் தேர்ந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விக்கும், வீட்டில் வேறு மொழி பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான இருமொழிக் கல்விக்கும் அதே நிலைதான். ஆசிரியர் பயிற்சி முடிப்பவர்கள் தலைக்கு மேல் கடனோடு வெளியே வருகிறார்கள். தவணை கட்டியாக வேண்டும். சம்பளம் கூடக் கிடைக்கும் பள்ளிக்கோ, பள்ளிக்கூடமே வேண்டாமென்று வேறு வேலைக்கோ போய்விடுகிறார்கள். இந்தச் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்த ஒரு திட்டத்தைப் பாராட்டாமல் இருப்பது நியாயமில்லை. 2007 செப்டம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றில் பிறந்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த ‘டீச் கிராண்ட்’ என்னும் உதவித்தொகைதான் அது.

ஏற்பாடு எளிமையானது. ஆசிரியராகப் போகும் மாணவருக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை அரசு தரும். இளநிலைப் படிப்பு முடிவதற்குள் 16,000 டாலர், முதுநிலைக்கு 8,000 டாலர் என்பது உச்சவரம்பு. பதிலுக்கு மாணவர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், ஆள் பற்றாக்குறையுள்ள பாடம் ஒன்றை முழுநேரமாகக் கற்பிக்க வேண்டும். கற்பித்தால் பணம் அவருடையது. கற்பிக்கத் தவறினால் வாங்கிய தொகை முழுவதும் கடனாக மாறிவிடும். இரண்டு பக்கமும் தெளிவாகப் பேசிக்கொண்ட ஒப்பந்தம் என்றே இதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

இத்திட்டம் இளைஞர்கள்மேல் வைத்த நம்பிக்கையை முதலில் பாராட்டுகிறேன். கல்லூரியில் நுழைந்த முதல் ஆண்டு மாணவியும் இதை வாங்கலாம். பதினெட்டு வயதில் அவர் கையெழுத்திடுகிறார். நான்காண்டுப் படிப்பு, அதன்பின் எட்டாண்டுக் கெடு என்று கூட்டிப் பார்த்தால், முப்பது வயதில் தான் எந்த ஊரில், எந்தப் பள்ளியில், எந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருப்பேன் என்பதற்கு அன்றே பொறுப்பேற்றுக்கொள்கிறார். அந்த வயதில் பலர் படிக்கும் பாடத்தையே ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள். முதல்முறை வகுப்பில் நின்று பார்த்த பிறகுதான் இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்பதே பலருக்குத் தெரிகிறது. சில கல்லூரிகள் இதைக் கருதி, மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ வரும்வரை மாணவர்களுக்கு இப்பணத்தைத் தராமல் நிறுத்திவைத்தன. ஒன்றிய அரசுக்கு அந்தத் தயக்கம் இல்லை. கையெழுத்துப் போட வந்த பிள்ளையின் உறுதியில் அதற்குச் சந்தேகமே எழவில்லை.

தகுதியிலும் அது கறாராக இருந்தது. நான்கிற்கு 3.25 சராசரி மதிப்பெண் வேண்டும், அல்லது நுழைவுத் தேர்வொன்றில் நான்கில் மூன்று பங்குப் பேரை முந்தியிருக்க வேண்டும். நல்ல மாணவர்களையே ஏழைப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும் என்ற அக்கறை இதில் தெரிகிறது. மங்கிய மாணவர்களை அங்கே தள்ளிவிடும் வழக்கம் எத்தனையோ நாடுகளில் இருக்கும்போது, சிறந்தவர்களைத் தேடி அழைத்த இந்த விதியை மனமார மெச்சுகிறேன். பின்னாளில் கடன்காரர் பட்டியலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் என்பதற்கும் இந்த விதிதான் காரணம்.

பணியின் வரையறையையும் நன்றாகத் தீட்டியிருந்தார்கள். பள்ளி, குறைந்த வருமானப் பள்ளிகளின் அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். பாடம், பற்றாக்குறைப் பாடமாக இருக்க வேண்டும். ஆசிரியர் எடுக்கும் வகுப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பாடமாகவே இருக்க வேண்டும். சின்னப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் காலையில் கணக்கும், மதியம் சமூகவியலும் எடுப்பார். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டால் நூலக நேரத்தையும் பார்த்துக்கொள்வார். ஏழைப் பள்ளிகளில் இது அன்றாட நடப்பு. ஆள் போதாததால்தான் இப்படி நடக்கிறது. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த விதி, அந்தப் பற்றாக்குறையால் ஒருவர் கூடுதலாக எடுக்க நேர்ந்த வகுப்புகளையும் கண்டிப்பாக எண்ணிப் பார்த்தது. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடமும் எடுக்கும் வகுப்பாசிரியர் பலர் இதில் தேறாமல் போனார்கள். அந்த வகுப்பில் இருந்த முப்பது பிள்ளைகள் ஏழைகள்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இனி அதன் தலையாய குணத்துக்கு வருகிறேன். அதன் ஒழுங்கு. படிப்பு முடிந்த 120 நாட்களுக்குள் மாணவர் தான் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டதாகவோ சேர விரும்புவதாகவோ எழுதித் தெரிவிக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும், ‘நான் இன்ன பள்ளியில் இன்ன பாடம் நடத்துகிறேன்’ என்று படிவம் நிரப்பி, பள்ளித் தலைமையின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். 2021 வரை, குறித்த நாளைக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் உதவித்தொகை கடனாகிவிடும் என்றிருந்தது. படிவம் ஒருநாள் தாமதமானாலும் கடன்தான். ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும், ஒரு தேதி எழுதாமல் போயிருந்தாலும் கடன்தான்.

ஆசிரியர் வேலையை அறிந்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் உயரம் புரியும். ஏழைப் பள்ளியில் முதல் ஆண்டு வேலை பார்ப்பவர் இரவு பதினொன்றுக்குப் பாடக்குறிப்பு எழுதுவார். விடிகாலையில் எழுந்து, கற்க வசதியில்லாத ஒரு பிள்ளைக்குப் பென்சிலும் நோட்டும் தன் காசில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போவார். இவரிடமிருந்து அரசு கேட்டது கற்பித்தலை. அது ஆண்டு முழுவதும், நூற்றியெண்பது நாளும், வகுப்பறையில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கு ஒன்றிய அரசிடம் கண் இல்லை. காகிதத்தைப் பார்க்கக் கண் இருந்தது. கிடைத்த கண்ணைச் சற்றும் இமைக்காமல் பயன்படுத்தியது. கற்பித்தாரா இல்லையா என்று அலைந்து விசாரிக்கும் சிரமம் யாருக்கும் வரவில்லை. ஒரு பள்ளியைத் தொலைபேசியில் அழைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் உண்மைக்காக, எவரும் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஒழுங்கு காட்டிய சமநீதியை நான் எப்படிச் சொல்வேன்! ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூடக் கரும்பலகை முன் நிற்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் ஏழைப் பள்ளியில் மூன்றாண்டுகளாகக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறார், இந்த முறை படிவம் தாமதமாகிவிட்டது. இருவருக்கும் ஒரே கடிதம் போயிற்று. இருவருக்கும் ஒரே வட்டி விகிதம். வாக்கை மீறியவரையும் வாக்கை நிறைவேற்றிக்கொண்டிருப்பவரையும் கொஞ்சமும் பேதம் பார்க்காமல் நடத்திய கணக்குப் புத்தகம் அது.

அதன் நினைவாற்றலும் அபாரம். உதவித்தொகை கடனாக மாறும்போது வட்டி மாறிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. ஒவ்வொரு தொகையும் எந்த நாளில் கொடுக்கப்பட்டதோ அந்த நாளுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. நம் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்கூட, நோட்டில் கடன் என்று எழுதிய தேதிக்கு முந்திய வட்டியைக் கேட்க மாட்டார். இங்கே, நன்கொடை என்ற பெயரில் கைக்கு வந்த பணம் அன்று முதலே ரகசியமாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கணக்கிட்டுப் பார்க்கலாம். 2008 முதல் 2011 வரை ஆண்டுக்கு 4,000 டாலராக நான்கு முறை வாங்கிய ஒருவர். அப்போது இவ்வகைக் கடனுக்கு வட்டி 6.8 விழுக்காடு. ஒவ்வொரு 4,000-க்கும் ஆண்டுக்கு 272 டாலர். 2014-இல் இது கடனாக மாறினால் முதல் தொகைக்கு ஆறாண்டு வட்டி, அடுத்ததற்கு ஐந்து, பிறகு நான்கு, மூன்று. மொத்தம் பதினெட்டு ஆண்டு வட்டி, 4,896 டாலர். தான் கடன்காரர் என்று தெரியவந்த முதல் நாளிலேயே அந்த ஆசிரியர் ஏறத்தாழ 21,000 டாலர் கடன்காரர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டில் இருப்பவர், அதுவும் ஏழைப் பள்ளியில். ஆசிரியர் சம்பளம் போதாமல் ஆட்கள் ஓடுவதைத் தடுக்கப் பிறந்த திட்டம் அவருக்குத் தந்த பரிசு இது.

சொன்ன சொல் மாறாத உறுதி இன்னொரு பெருமை. ஒருமுறை கடனான உதவித்தொகை மீண்டும் உதவித்தொகையாகாது என்று விதி எழுதியிருந்தது. ஆசிரியர் தொலைபேசியில் கெஞ்சினார், தலைமையாசிரியர் சான்று எழுதினார், பாடம் நடத்திய ஆண்டுகளுக்கான ஆதாரம் எல்லாம் இருந்தது. விதி அசையவில்லை. அவர்களில் சிலர் அதன்பின் செய்த காரியம் இயல்பானது. எப்படியும் கடன் கட்டத்தான் வேண்டும் என்றானபின் ஏழைப் பள்ளியிலேயே இருப்பானேன் என்று வேறு பள்ளிக்குப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் விட்டுப்போன வகுப்பில் அடுத்த ஆண்டு கணக்கு எடுத்தது யார் என்பதைக் கேட்டுப் படிவம் எதுவும் அச்சிடப்படவில்லை.

சாதனைகளை எண்ணால் சொல்வதுதான் முறை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்பு அலுவலகம் 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014 ஜூன் நிலவரப்படி, உதவித்தொகை பெற்ற சுமார் 1,12,000 பேரில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது கடனாகிவிட்டிருந்தது. 2,252 பேருக்கு, 2013 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், தவறுதலாகவே மாற்றியிருந்தார்கள். ஆசிரியரின் பிழையால் ஒருநாள் தாமதமானால் கடன் என்று விதி இருந்தது. கணக்கைப் பார்த்தவர்களின் பிழைக்கு என்ன தண்டனை என்று எந்த விதியிலும் இல்லாதது அவர்களின் நல்வாய்ப்பு. 2018-இல் கல்வித் துறையே செய்வித்த ஆய்வு இதைவிடப் பெரிய எண்ணைத் தந்தது. 2014 ஜூலைக்கு முன்பே கற்பிக்கும் கெடு தொடங்கிவிட்டவர்களில் 63 விழுக்காட்டினரின் உதவித்தொகை கடனாக மாறியிருந்தது. நூறு பேரை நன்கொடை என்று அழைத்து அறுபத்துமூன்று பேரைக் கடன்காரராக்கிக் காட்டுவது சாதாரணத் திறமை இல்லை. கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வங்கி இதற்கு விளம்பரம் செய்ய வேண்டியிருக்கும். இங்கே மாணவர்கள் நன்றியோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

இந்த 63 பேரில் எல்லோரும் படிவத்தால் வீழ்ந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியராகவே சேராதவர்கள் உண்டு. சேர்ந்தும் தகுதியில்லாத பள்ளியிலோ பாடத்திலோ இருந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்விலேயே, தகுதியுள்ள பள்ளியில் உண்மையாகக் கற்பித்துக்கொண்டிருந்தும் ஆண்டுச் சான்றிதழ் விவகாரத்தால் உதவித்தொகையை இழந்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்று அனுப்ப வேண்டும் என்பதே தெரியாமல் இருந்தவர்களும் அவர்களில் அடக்கம். அவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாக்கைக் காப்பாற்றியவர்களை.

தன் பெருமையைத் தானே பறைசாற்றிக்கொள்ளாத அடக்கமும் இத்திட்டத்துக்கு உண்டு. இதன் கணக்கைப் பார்த்துவந்த ஃபெட்லோன் நிறுவனத்தின் தாய் அமைப்பின்மேல் மாசசூசெட்ஸ் மாநிலம் 2017-இல் வழக்குத் தொடுத்தது. அதில் டீச் கிராண்ட் விவகாரமும் ஒன்று. 2018 மார்ச்சில் என்.பி.ஆர். வானொலியின் செய்தியாளர்கள், படிவத்தால் கடன்காரரான ஆசிரியர்களைத் தேடிப்போய்ப் பேசி வெளியிட்டார்கள். தணிக்கையாளர், வழக்கறிஞர், வானொலி என்று ஊரார் எல்லாம் வந்து சொல்லும்வரை பத்து ஆண்டுகள் கல்வித் துறை எவ்வளவு அமைதி காத்தது! பாடம் நடத்துகிறவர்களின் பெயர்கள் பள்ளிகளிடம் இருந்தன, உதவித்தொகை கடனானவர்களின் பெயர்கள் துறையிடம் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அவசரம் அதற்கு வரவில்லை.

பிறகு திருத்தமும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2018 டிசம்பரில் கல்வித் துறை, கற்பித்தும் படிவத்தால் இழந்தவர்களின் வழக்குகளை மறுபடி பார்ப்பதாக அறிவித்தது. 2019 தொடக்கத்தில் அதற்கான விண்ணப்பம் திறந்தது. பல ஆசிரியர்களின் கடன் மீண்டும் உதவித்தொகை ஆயிற்று; கட்டிய பணம் திரும்பி வந்தது. மாற்றவே முடியாது என்று பத்தாண்டு சொல்லிவந்த விதியை மாற்ற முடிந்தது. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, ஒரு படிவம் தாமதமானதற்காக மட்டும் உதவித்தொகை கடனாகாது. எட்டாண்டுக் கெடுவுக்குள் நான்காண்டை முடிக்க இனி வழியில்லை என்று ஆகும்போதுதான் மாறும். அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு மேலும் வலுச் சேர்த்தது. ஒரு படிவத்தின் தேதியைத் தளர்த்தப் பதின்மூன்று ஆண்டு எடுத்துக்கொண்ட நிதானத்தைப் பார்க்கும்போது, ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்காத அதே துறைதானா இது என்று வியப்பு வருகிறது. காலத்தின் அருமையை அது பிறருக்கு மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறது.

திருத்தத்துக்குத் தப்பிய நற்குணங்கள் இன்றும் இருக்கின்றன. மூன்று ஆண்டு கற்பித்து நான்காம் ஆண்டில் விட்டவருக்கு மூன்று ஆண்டு கழிவு கிடையாது. முழுத் தொகையும் கடன், முதல் நாள் வட்டியோடு. கணவரின் வேலையை ஒட்டி இடம் மாறியவர், வகுப்பறை தன்னைத் தின்றுவிட்டது என்று உணர்ந்து வெளியேறியவர், எவராயினும் அந்த மூன்று ஆண்டு கணக்கில் இல்லை. தீவிர நோய், ராணுவ அழைப்பு போன்ற சில காரணங்களுக்குக் கெடுவை நிறுத்திவைக்க வழி உண்டு. வாழ்க்கையின் மற்றக் காரணங்களுக்கு இல்லை. அவரிடம் பின்னமும் தசமமும் கற்ற பிள்ளைகள் கற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அந்த மூன்று ஆண்டுகளை நாடு முழுமையாகப் பெற்றுக்கொண்டது. பெற்றதற்கு விலையும் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதே நாட்டில் வேறு மாதிரியும் நடக்கிறது. தேசிய அறிவியல் நிறுவனம் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்தும் நாய்ஸ் உதவித்தொகையில், ஓராண்டு உதவிக்கு ஈராண்டுப் பணி. இடையில் விட்டவர்களுக்கு முடித்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்கிறார்கள். நார்த் கரோலினா மாநிலம் 1986-இல் தொடங்கி, 2011-இல் நிதியை நிறுத்தி, 2017-இல் மீண்டும் உயிர்கொடுத்த ஆசிரியர் உதவித் திட்டத்திலும், உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகப் பணிக் கணக்கு உண்டு. ஆகவே பங்கு பிரித்துக் கழிப்பது எப்படி என்று அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. டீச் கிராண்ட் தெரிந்தே தன் வழியில் நிற்கிறது.

தான் கொடுக்க வேண்டியதில் அது காட்டும் நெகிழ்ச்சியைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு குறைப்படும். ஒன்றிய அரசின் செலவைத் தானாகவே வெட்டும் சட்டம் ஒன்று 2013 முதல் இத்தொகையையும் வெட்டிவருகிறது. அண்மை ஆண்டுகளில் வெட்டு 5.7 விழுக்காடு. 4,000 என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. மாணவர் கைக்கு வருவது 3,772. இதற்காக அரசு எவருக்கும் படிவம் அனுப்ப வேண்டியதில்லை, வட்டியும் கட்ட வேண்டியதில்லை. ஆசிரியரின் பக்கத்தில் நான்கு ஆண்டு நான்கு ஆண்டாகவே இருக்கிறது. ஆண்டுக்கு 180 பள்ளி நாள் என்று வைத்தால் 720 நாள். அதிலும் 5.7 விழுக்காட்டைக் குறைத்தால் 41 நாள் குறையும். தன் வாக்கில் 41 நாளைக் குறைத்துக்கொண்ட ஆசிரியருக்கு என்ன நேரும் என்பது மேலே சொன்ன விதியிலேயே இருக்கிறது: 41 நாளுக்கான தொகை அல்ல, நான்கு ஆண்டுக்கான தொகை முழுவதும், முதல் தவணை கைக்கு வந்த நாளிலிருந்து வட்டியோடு.